உமாராணி உடைக்காத இழைகள்

உமாராணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அமீரகத்தின் அல் அய்னில் அந்தப் பேரீச்சைத் திசு வளர்ப்பு லேபில் அவளோடு பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மேனேஜர் வெங்கட்ராமனின் அறைக்குள் போன அவளுடைய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கேட்காமலே போனபோது, வெளியே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு சார் தொலைந்தார் என்று அர்த்தம்.

உள்ளே மேசைமேல் ஒரு தாள். கம்பெனி முத்திரையும் வெங்கட்ராமனின் கையெழுத்தும் ஏற்கெனவே ஏறியிருந்தன. அடியில் உமாராணியின் கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு காலியாக இருந்தது. மாதிரிகளைக் கையாளும்போது தன் கவனக்குறைவால் டி.என்.ஏ. உடைந்துவிட்டது, அதற்குத் தானே பொறுப்பு என்று இரண்டு வரி. அவ்வளவுதான் எச்சரிக்கைக் கடிதம்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி உமா," என்றார் வெங்கட்ராமன். "கஸ்டமர் மக்தூம் கேக்கறார், நான் எதைக் காட்டறது? டெக்னீஷியன் கைத்தப்புன்னு ஒரு பேப்பர் காட்டினா சமாதானம் ஆயிடுவார். அப்புறம் வேற ஆளை வச்சு சாம்பிள் எடுத்துக் குடுத்துடலாம்."

"அப்ப எனக்கு என்ன சார்?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. ஃபைல்ல இருக்கும், அவ்வளவுதானே."

ஃபைலில் இருக்குமாம், அவ்வளவுதானாம்! வயிறு எரியாதா ஒருத்திக்கு? விசா புதுப்பிக்கிற மாதம் வந்தால் முதலில் புரட்டப்படுவது எந்த ஃபைல் என்று வளைகுடாவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? ஆனால் அவளை அப்படியே நிறுத்திவைத்தது விசாக் கவலை இல்லை. இதே மாதிரி ஒரு தாளில் அவள் ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிய அம்மாவின் மகள், தாவரவியல் படித்துவிட்டு தேனியில் ஒரு வாழைத் திசு வளர்ப்பு லேபில் சேர்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் கன்று வளர்க்கிற எண்ணூறு பாட்டிலில் பூஞ்சை பிடித்தது. ஏ.சி. ஃபில்டரை ஆறு மாதமாக மாற்றாதது அங்கிருந்த சூப்பர்வைசர். ஆனால் மன்னிப்புக் கடிதம் உமாராணியிடம் வந்தது. சின்னப் பெண், உனக்கென்ன, ஒன்றும் ஆகாது என்றார்கள். போட்டாள். அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தின் நகல் எந்த லேபுக்கெல்லாம் போனதோ, இரண்டு வருஷம் எவனும் வேலை தரவில்லை. ஜவுளிக்கடையில் நின்று சேலை மடித்தாள். மைக்ரோஸ்கோப்பைத் தொட்ட கை, ஃபால்ஸ் வைக்கவா அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பல் கடிபடும்.

"போட மாட்டேன் சார்," என்றாள். "என் கை எதையும் உடைக்கல."

என்னதான் உடைந்தது? அதைச் சொல்லிவிடுகிறேன்.

மக்தூம் பெரிய பேரீச்சைத் தோட்டக்காரர். நாலாயிரம் கன்று கேட்டிருந்தார். முதல் நூறு கன்று போய்ச் சேர்ந்துவிட்டது. மீதியை வாங்குவதற்கு முன்னால் துபாயிலிருந்து ராஜீவ் என்ற கன்சல்டன்ட்டை அமர்த்தினார். அந்த ராஜீவ் ஒரு சோதனை கேட்டார். பாட்டிலுக்குள் வளர்ந்த கன்றுகளில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. சில சமயம் வரிசை மாறிப் புரண்டுபோகும், அதைப் பார்க்க வேண்டும் என்றார். கேட்டதில் தப்பில்லை. செல்லுக்குள் சக்தியைத் தயாரித்துத் தருகிற உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. செல்லின் மையத்தில் இருக்கிற டி.என்.ஏ. போக, அதற்கென்று தனியாகவும் கொஞ்சம் டி.என்.ஏ. வைத்திருக்கிறது. அது கெட்டால் மரம் சோடை போகலாம்.

சோதனையைச் செய்தவள் உமாராணி. டி.என்.ஏ.வை ஜெல் என்கிற கூழ்த் தகட்டின் குழிகளில் வைத்து மின்சாரத்தால் நகர்த்தினாள், நீளமானது மெதுவாக நகரும், குட்டையானது முன்னே ஓடும். முடிவில் படம் வந்தது. ராஜீவ் பார்த்தார், அதிர்ந்தார். அவர் படித்த புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அழகான ஒரு வளையம். பேரீச்சைக்கும் அப்படித்தான் வட்டமாக வரைபடம் போட்டிருக்கிறார்கள், ஏழு லட்சம் எழுத்து நீளம். இந்தப் படத்திலோ வளையத்தின் சுவடே இல்லை. மாதிரி வைத்த குழியிலேயே பாதிக்குமேல் நகராமல் அப்பிக்கொண்டு ஒளிர்ந்தது. மீதி, பல நீளத்துத் துண்டுகளாகக் கீழே வரை இழுபட்டுக் கிடந்தது. நொறுங்கிப்போன டி.என்.ஏ., கன்றுகள் சந்தேகத்துக்குரியவை என்று எழுதிவிட்டார்.

கன்று கெட்டது, இல்லையென்றால் கை கெட்டது. வெங்கட்ராமனுக்கு இந்த இரண்டு வழிதான் தெரிந்தது. நாலாயிரம் கன்றை விட ஒரு பெண்ணின் கை மலிவு. பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. புத்தகம் தப்பாக இருக்கலாமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே, ஊஹூம்!

உமாராணிக்குத் தோன்றியிருந்தது. அவள் கையைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? நீளமான டி.என்.ஏ.வைக் கையாள்வது சும்மா இல்லை. திரவத்தில் கரைத்து வேகமாக உறிஞ்சினால் அறுந்து போகும். அதனால் முதலில் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்து, அது முழுசாக இருக்கும்போதே இளஞ்சூட்டு அகரோஸ் கூழில் கலந்து, கட்டியாக உறையவிட வேண்டும். உறைந்த பிறகு மற்றதையெல்லாம் கட்டிக்குள்ளேயே கரைத்து வெளியேற்ற வேண்டும். டி.என்.ஏ. மட்டும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். பிப்பெட்டின் முனையைக் கூட அவள் பிளேடால் நறுக்கி வாயை அகலமாக்கித்தான் பயன்படுத்துவாள். புதிதாக வந்த ஒருவன் ஒருமுறை குழாயைக் குலுக்கியதற்கு, "அது என்ன இருமல் மருந்தா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அவன் இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை மக்தூமும் ராஜீவும் வராங்க," என்றார் வெங்கட்ராமன். "அதுக்குள்ள கையெழுத்து வேணும். இனிமே கெமிக்கலை வீணாக்காதே, நீ புது சாம்பிள் எதுவும் போடக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்."

"வியாழக்கிழமை பாக்கலாம் சார்," என்று சொல்லிவிட்டு வந்தவள், நேராகப் போய் அகரோஸை எடைபோட்டாள். கூடாது என்றால் கேட்கிற ஆளா அவள்?

மத்தியானம் மக்தூமின் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிற ஹசன் அலிக்கு போன் போட்டாள். பாகிஸ்தானில் முல்தான் பக்கத்து ஆள், கன்று இறக்க வரும்போதெல்லாம் பார்த்துப் பழக்கம்.

"ஹசன் பாய், எனக்கு ஆறு குருத்து வேணும். உங்க தோட்டத்துல இறக்கின எங்க லேப் கன்னுல மூணு. உங்க முதலாளி வீட்டு முற்றத்துல காய்க்கிற பழைய மரங்களோட பக்கக் கன்னுல மூணு. நீங்களே வெட்டி, நீங்களே நம்பர் போட்டுக் குடுங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லவே கூடாது."

"கியோன் மேடம்?" என்றார் ஹசன் அலி. ஏன் என்று கேட்கிறவருக்குக் காரணத்தைச் சொன்னாள். பக்கக் கன்று என்பது தாய்மரத்தின் அடியிலேயே முளைப்பது, தாய்மரத்தின் அச்சு அசல். பாட்டிலைப் பார்த்தே இராத மரம் அது. பாட்டில் கன்று கெட்டிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா லேப் கன்னு கெட்டதுதான். அதையும் நானே சொல்லுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வித்தியாசம் தெரிந்துவிட்டால்? தன் கைக்கு வந்த பழி போகும், ஆனால் நாலாயிரம் கன்றும் போகும், அதோடு லேபில் பாதிப் பேர் வேலையும் போகும். பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளதைத்தானே சொல்லப் போகிறோம்.

இன்னொன்று பாக்கி இருந்தது. கை உடைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பேரீச்சையை விட நீளமான டி.என்.ஏ.வை இதே கையால், இதே நாளில், இதே மாதிரி கட்டியாக்கி, உடையாமல் காட்ட வேண்டும். அதற்கு ஈஸ்ட்தான் வழக்கம். அதன் குரோமோசோம்கள் இரண்டு லட்சம் எழுத்திலிருந்து பதினைந்து லட்சத்துக்கு மேல் வரை படிப்படியாக நிற்கும். தயாராக விற்கிற ஈஸ்ட் கட்டி லேபில் தீர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஆர்டர் தாளில் வெங்கட்ராமன் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தில்தான் கையெழுத்துப் போடத் தெரியும், ஆர்டர் தாளில் தெரியாது.

உமாராணியின் ரூமில் உடன் இருப்பவள் கனகா. இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பெண், ஒரு அரபி வீட்டில் சமையல் வேலை. ஞாயிறு லீவு என்றால் ரூமில் அப்பம் சுடுவாள், மாவு புளிக்க ஈஸ்ட் போடுவாள். அந்தப் பாக்கெட்டை உமாராணி அலமாரியிலிருந்து எடுத்தபோது கனகா கையைப் பிடித்தாள்.

"என்னா அக்கா, நீங்க அப்பம் சுடப் போறீங்களா? ஒங்களுக்கு தோசையே வட்டமா வராதே!"

"சுடல கனகா. இது எனக்கு சாட்சி சொல்லப் போவுது."

"ஈஸ்ட்டா? கோர்ட்டுக்கா?"

"அந்த மாதிரிதான்னு வச்சுக்க."

"அப்ப பாக்கெட்ட முழுசா கொண்டு போங்க. பாதி சாட்சி என்னாத்துக்கு?"

வாரக் கடைசியில் லேபில் யாரும் இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஹசன் அலி ஐஸ் பெட்டியில் ஆறு பை கொண்டு வந்து தந்தார். ஒவ்வொன்றின் மேலும் எண் மட்டும். விடைத்தாளை உறையிலிட்டு ஒட்டி, "என் சட்டைப் பையில் இருக்கிறது, முதலாளிக்கு முன்னால்தான் பிரிப்பேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். உமாராணி வெள்ளைக் குருத்தை அரைத்து, வடித்து, சுழற்றி, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்துக் கட்டியாக்கினாள். அப்ப ஈஸ்ட்டையும் அதே சூட்டில், அதே முனை நறுக்கிய பிப்பெட்டால் கட்டியாக்கினாள். ஈஸ்ட்டின் தோலைக் கரைக்க ஒரு என்சைம் வேண்டும். ஃப்ரீசரின் மூலையில் பழைய குப்பி ஒன்று இருந்தது. வேலை செய்யுமோ செய்யாதோ என்று போட்டாள், செய்தது. கட்டிகளை இரண்டு நாள் ஊறவிட்டு, திங்கட்கிழமை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் கொடுத்தாள். திசையை மாற்றி மாற்றி ஒரு நாளுக்கு மேல் மெதுவாகத் தள்ளினால்தான் இத்தனை நீளமானவை நகரும். செவ்வாயன்று வெங்கட்ராமன் அந்தப் பக்கம் வந்து, ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்தார்.

"யார் சொல்லி இது ஓடுது?"

"யாரும் சொல்லல சார்."

"நான் கூடாதுன்னேனே."

"ஆமா சார், சொன்னீங்க." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெங்கட்ராமன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். உமாராணி இயந்திரத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அணைக்கணும்னா என்னை முதல்ல வெளிய அனுப்பிட்டு அணைங்க. அனுப்பின காரணத்தை எழுத்துல குடுங்க." அவர் கையை இறக்கினார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தது. கூட்ட அறையில் மக்தூம், ராஜீவ், வெங்கட்ராமன், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஹசன் அலி. உமாராணி படத்தைத் திரையில் போட்டாள்.

இடது ஓரத்தில் ஈஸ்ட். ஏணிப் படி மாதிரி பட்டை பட்டையாக, பிசிறில்லாமல் நின்றது. அடுத்து ஆறு வரிசைகள், எண் மட்டும் போட்டவை.

"சார், இந்த ஈஸ்ட்டை நானே கட்டியாக்கினேன்," என்றாள் ராஜீவைப் பார்த்து. "மேல இருக்கற பட்டை பதினஞ்சு லட்சம் எழுத்துக்கு மேல. பேரீச்சை ஏழு லட்சம். பதினஞ்சு லட்சத்தை உடைக்காத கை, ஏழு லட்சத்தை உடைச்சதா?"

ராஜீவ் நேர்மையானவர்தான். கிட்டே போய்ப் பார்த்தார். "கை சுத்தம், ஒத்துக்கறேன்," என்றார். "அப்படின்னா கன்றுதான் கெட்டது."

"இந்த ஆறுல மூணு லேப் கன்னு, மூணு மக்தூம் சார் வீட்டு முற்றத்து மரங்களோட பக்கக் கன்னு. எது எதுன்னு எனக்கும் தெரியாது. இருக்கறதுலயே ரொம்ப நொறுங்கினது எதுன்னு நீங்க சொல்லுங்க சார்."

ராஜீவ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆறும் ஒரே சாயல்தான். எல்லாவற்றிலும் குழியில் அப்பிய ஒளி, கீழே இழுபட்ட துண்டுகள். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு நாலாம் எண்ணில் விரல் வைத்தார். "இது. இதுல துண்டு கொஞ்சம் அதிகம். இந்தக் கன்றை நான் தோட்டத்துக்குள்ளேயே விட மாட்டேன்."

உமாராணி ஹசன் அலியின் பக்கம் திரும்பினாள். நாலாம் எண் லேப் கன்றாக இருந்தால் எல்லாம் முடிந்தது. ஹசன் அலி உறையைக் கிழித்தார், வாசித்தார், மக்தூமின் முகத்தைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"நாலாம் நம்பர்... நம்ம முற்றத்து மரத்தோட கன்னு, பாபா. தெற்குப் பக்கம் நிக்கிற மரம்."

மக்தூம் அறை அதிரச் சிரித்தார். "என் முற்றத்து மரத்தையா? இன்றைக்குக் காலையில் கஹ்வாக் காப்பியோடு அதன் பழத்தைத்தானே சாப்பிட்டு வந்தேன்! உன் வீட்டுக்கும் ஒரு பெட்டி அனுப்பினேனே ராஜீவ், நன்றாக இருக்கிறது என்றாயே!" ராஜீவ் நாலாம் எண்ணிலிருந்து விரலை எடுத்தார்.

"அப்போ வட்டம் எங்கே போச்சு?" என்று கேட்டவர் வெங்கட்ராமன்.

"வட்டம் மேப்லதான் இருக்கு சார், செல்லுக்குள்ள இருக்கறது நீளமும் குட்டையுமா இழைங்கதான். துண்டு துண்டாப் படிச்சதை கம்ப்யூட்டர்ல ஒட்டறப்ப, கடைசித் துண்டு முதல் துண்டோட பொருந்துது, அதனால வட்டமா வரையறாங்க. வட்டமா சுத்தி வர்ற பஸ்ஸுக்கு ரூட் மேப்பும் வட்டமாத்தான் போடுவாங்க. அதுக்காக பஸ் வட்டமாவா இருக்கும்?"

மக்தூம் மேசையைத் தட்டினார். ராஜீவ் சிரிக்கவில்லை, கேட்டார்: "வளையம் இல்லைன்னா எப்படி நகல் எடுக்குது?"

அது நல்ல கேள்வி. உமாராணி மதித்துப் பதில் சொன்னாள். "ஒரு இழையோட நுனி, அதே எழுத்து இருக்கற இன்னொரு இழைக்குள்ள நுழையுது சார். அங்கிருந்தே நகல் எடுக்க ஆரம்பிக்குது. அது முடியறதுக்குள்ள வேற ஒண்ணு வந்து நுழையுது. கிளைமேல கிளை. அந்தச் சிக்கல்தான் குழியை விட்டு நகர மாட்டேங்குது. நான் கண்டுபிடிச்சது இல்ல இது. மத்த செடிகள்ல எத்தனையோ பேர் பார்த்து எழுதி வச்சிருக்காங்க. பாடப் புத்தகத்துல மட்டும் இன்னும் வளையம் போட்டுக்கிட்டிருக்காங்க."

"இந்தச் சோதனை எல்லாத்தையும் சொல்லிடாது," என்றார் ராஜீவ்.

"சொல்லாது சார். எழுத்து வரிசையையும் படிச்சுப் பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வளையம் இல்லங்கறதை வச்சு கன்னு கெட்டதுன்னு சொல்லாதீங்க. என் கை கெட்டதுன்னும் சொல்லாதீங்க."

ராஜீவ் தன் அறிக்கையை எடுத்து, நொறுங்கிய டி.என்.ஏ. என்ற வரியைப் பேனாவால் அடித்தார். வரிசையைப் படித்துப் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதித் தருகிறேன் என்றார். மக்தூம், "யல்லா, கிளம்பலாம், மீதிக் கன்றைப் பற்றிப் பிறகு பேசலாம்," என்று எழுந்துபோனார். போகும்போது உமாராணிக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

வெங்கட்ராமனின் முகம் மலர்ந்திருந்தது. "பிரமாதம் உமா! எனக்கு அப்பவே தெரியும், உன் கைல தப்பு இருக்காதுன்னு."

அப்பவே தெரியுமாம்! கேட்டுக்கொள்ளுங்கள்.

"அந்த லெட்டர் எங்க சார் இருக்கு?" என்றாள் உமாராணி.

"அது எதுக்கு இப்ப? டிராயர்ல கிடக்கு. நீதான் கையெழுத்தே போடலையே, விடு."

"நீங்க போட்டிருக்கீங்களே சார். எடுங்க."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார், அவள் நகரவில்லை. அறைக்குப் போய் டிராயரைத் திறந்தார். தாளை வெளியே எடுத்தார். வாசலில் இரண்டு மூன்று பேர் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கிழிங்க சார்."

"உமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் சார்."

வெங்கட்ராமன் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்கு மேல் பிடித்தார். உமாராணி கையைக் கட்டிக்கொண்டு அந்த இரண்டு பாதியையும் பார்த்தாள். ஒன்றில் அவள் பெயர் முழுசாக இருந்தது.

"இன்னும் சின்னதா சார்," என்றாள்.